ஃபைல் புரட்ட எது வாகு: எக்ஸ்ப்ளோரரா, ஃபைண்டரா?

வேலைக்கு விண்டோஸ் லேப்டாப், வீட்டில் மகளுடைய மேக்புக். சிங்கப்பூரில், ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் திறந்தே கிடக்கும். ஃபைல்களைப் பார்க்கவும் அடுக்கவும் விண்டோஸில் இருப்பது எக்ஸ்ப்ளோரர், மேக்கில் ஃபைண்டர். மாறி மாறிப் பழகியதில் எனக்குத் தெளிவானது இதுதான்: ஃபைலை இடம் மாற்ற எக்ஸ்ப்ளோரர், திறக்காமலே பார்க்க ஃபைண்டர்.

திறக்கும் விஷயத்தில் என் ஓட்டு எக்ஸ்ப்ளோரருக்கு. எந்த வேலையின் நடுவிலும் விண்டோஸ் கீயோடு ஈ-யைத் தட்டினால் வந்து நிற்கும். மேக்கில் டாக் என்கிற ஐகான் வரிசையில் சிரிக்கிற நீல முகத்தைத் தேடிப்போய்த் தட்ட வேண்டும். கமாண்ட்-என் இருக்கிறதே என்றால், அது ஃபைண்டருக்குள் இருக்கும்போதுதான் உதவும்.

அப்புறம் என்டர் கீ. விண்டோஸில் ஃபைல் திறக்கும், மேக்கில் பெயரை மாற்றச் சொல்லும். அங்கே திறக்க கமாண்ட்-ஓ. ஃபைலை வெட்டி ஒட்ட விண்டோஸில் கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-வி. மேக்கிலோ காப்பி எடுத்துவிட்டு, ஒட்டும்போது கமாண்ட், வி-யோடு ஆப்ஷனையும் சேர்த்து அழுத்த வேண்டும். கை பழக நாளாகும்.

ஆனால் மேக்கில் ஸ்பேஸ் பார்! தீபாவளிக்குச் சிராங்கூன் சாலை விளக்கு அலங்காரத்தை எடுத்த நானூறு படங்களில் நல்லதைப் பொறுக்க ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். "அம்மா, ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கம்மா" என்றாள் மகள். தட்டினேன், படம் பெரிதாக வந்தது, அம்புக்குறியை அழுத்த அழுத்த அடுத்தடுத்த படம், கை ஆடி மங்கிப்போனதெல்லாம் அரை மணியில் கழிந்தது. பிடிஎஃப், வீடியோ எல்லாவற்றுக்கும் இது உண்டு, 2007-இலிருந்தே இருக்கிறதாம். எக்ஸ்ப்ளோரரில் ஆல்ட்-பி தட்டினால் வலப்பக்கம் முன்னோட்டம் வரும், சரி, அவசரத்துக்கு ஆகும், ஆனால் முகம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க அந்த ஓரத்து இடம் போதாது.

ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் மோதும்போது மட்டும் கவனம் வேண்டும். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். மேக்கில் ரீப்ளேஸ் கொடுத்தால் பழைய ஃபோல்டர் உள்ளே இருந்ததோடு போய், புதியது வந்து உட்காரும். படங்களை இரண்டு தவணையாக ஏற்றுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

தம்ப்டிரைவில் அழிப்பதிலும் வித்தியாசம் உண்டு. விண்டோஸில் அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, அப்படியே போய்விடும். மேக்கில் டிராஷைக் காலி செய்யும்வரை டிரைவில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டுக்கும் இடையே ஒரே தம்ப்டிரைவ் அலைகிறதென்றால் இரண்டிலும் படிக்கவும் எழுதவும் முடிகிற எக்ஸ்ஃபேட் வகையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வகை என்றால் மேக் படிக்கும், ஆனால் வேறு மென்பொருள் சேர்க்காமல் அதில் எழுதாது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது முழுக்க அழியும், அதனால் படங்களை முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.