விங்ஸ் சுமார், வாக்குவாதம் சூப்பர்: கொலம்பஸ்ல ஒரு மேட்ச் நாள் பார்

முதல்லயே சொல்லிடறேன், சாப்பாட்டுக்காக மட்டும்னா இந்த கடைக்கு போகாதீங்க. ஆனா உள்ளூர் யூனிவர்சிட்டி டீம் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு (அமெரிக்கன் ஃபுட்பால்) மேட்ச் இருக்கற நாள்ல, ஆட்டம் ஆரம்பிக்க நாலஞ்சு மணி நேரம் முன்னாடி போய் உக்காந்து, சுத்தி இருக்கறவங்க அடிச்சுக்கறத கேக்கணும்னா கொலம்பஸ்ல எனக்கு தெரிஞ்சு இத விட நல்ல இடம் கிடையாது. ஸ்டேடியத்துக்கு நடக்கற தூரம், லேன் அவென்யூ நெரிசல்ல இருந்து கொஞ்சம் தள்ளி, உள்ள செங்கல் சுவரு, சுவரு பூரா டிவி, நீளமா ஒரு கவுண்டர், முன்னப்பின்ன தெரியாதவங்களும் ஒண்ணா உக்கார்ற மாதிரி பெரிய மர டேபிள். கடை பேரு போடல, குறையும் நிறைய சொல்லப் போறேன், எதுக்கு வம்பு.

நான் எழுதறது 2024 டிசம்பர் 21, டென்னசி யூனிவர்சிட்டி கூட ப்ளேஆஃப் (சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற நாக்அவுட்) மேட்ச் நடந்த சனிக்கிழமை பத்தி. விவரம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா: அந்த சீசன்ல தான் காலேஜ் ஃபுட்பால் ப்ளேஆஃப் 4 டீம்ல இருந்து 12 டீமா ஆச்சு, முதல் ரவுண்டு ஆட்டத்த முதல் தடவையா காலேஜ் ஸ்டேடியத்துலயே வச்சாங்க, 5ல இருந்து 8 வரைக்கும் இடம் பிடிச்ச டீமுக்கு சொந்த ஊர்ல மேட்ச். ஒஹாயோ ஸ்டேட் 8, டென்னசி 9. ஒரே ஒரு இடம் தான் வித்தியாசம், அதுக்கு இவங்களுக்கு கிடைச்சது ஒரு லட்சத்துக்கு மேல ஆள் உக்கார்ற சொந்த மைதானம். இது நியாயமாங்கறது ஒரு சண்டை. இதனால நிஜமாவே ஏதாவது லாபம் இருக்காங்கறது இன்னொரு சண்டை. அந்த கடையில அன்னிக்கு ஓடினது ரெண்டாவது சண்டை, ஏன்னா மூணு வாரம் முன்னாடி, நவம்பர் 30, இதே மைதானத்துக்கு பரம எதிரி மிஷிகன் வந்து 13-10னு ஜெயிச்சிட்டு போயிருந்தாங்க. அப்ப ஒஹாயோ ஸ்டேட் நாட்டுலயே ரேங்க் 2, மிஷிகன் ஆறு ஜெயிச்சு அஞ்சு தோத்துட்டு வந்த டீம். அவங்க கிட்ட தொடர்ந்து நாலாவது தோல்வி வேற. கோச் ரயன் டேவ தூக்குங்கன்னு ஊர்ல பாதி பேர் பொலம்பிட்டு இருந்த நேரத்துல, ஹோம் அட்வான்டேஜ், அதாவது சொந்த மைதானத்துல ஆடற லாபம்னு யாராவது வாயத் திறந்தா அடுத்த டேபிள்ல இருந்து ஒருத்தர் திரும்பி பாப்பாரு, அந்த மாதிரி மூடு.

எங்க டேபிள்ல ஒரு பெரியவர், பல வருஷமா சீசன் டிக்கெட் வச்சிருக்கறவராம், ஒஹாயோ ஸ்டேட் சிவப்பு ஜெர்சி மேல ஜெர்சியா போட்டுருந்தாரு, கூட அவர் பொண்ணு. எதிர்ல டென்னசி நிறமான ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு ஜோடி, அந்த டீமோட ஊரான நாக்ஸ்வில்ல இருந்து கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்தவங்க. கொலம்பஸ் பக்கத்துல டப்ளின்ல இருக்கற நம்ம ஃப்ரெண்டு ஒருத்தனும் நானும். மிச்ச இடத்துல யார் யாரோ வந்து போனாங்க.

பெரியவருக்கு டென்னசி மேல கோவமே இல்ல, கோவம் பூரா சொந்த ஊர் ஆளுங்க மேல. வர்ற டீமுக்கு கணக்குப்படி ஒதுக்கினது 3,500 டிக்கெட் தான், ஆனா வெளிய தெருவுல பாத்தா எங்க திரும்பினாலும் ஆரஞ்சு. "நம்ம ஆளுங்களே வித்துட்டானுங்க, நல்ல விலை வருதுன்னு வித்துட்டு இப்ப வீட்ல கம்பளிய போத்திட்டு டிவி பாக்கறானுங்க, இதுல என்ன ஹோம் அட்வான்டேஜ்?"னு அவர் கேக்க, பொண்ணு விடல. செமஸ்டர் முடிஞ்சு ஸ்டூடண்ட்ஸ் ஊருக்கு போயாச்சு, நாலு நாள்ல கிறிஸ்மஸ், ராத்திரி 8 மணி மேட்ச், வெளிய குளிரு 25 டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல மைனஸ் 4, இதுக்கு வரலன்னு சொல்றவங்கள எப்படி திட்டறதுன்னு அவங்க கட்சி. அப்பாவும் பொண்ணும் இத சாயங்காலம் பூரா மாத்தி மாத்தி பேசினாங்க, எனக்கு பொண்ணு சொன்னது தான் சரின்னு பட்டுச்சு, ஆனா ஜெர்சிய பாத்தா அப்பா பக்கம் சாயாம இருக்க முடியல.

குளிரு பத்தின வாதம் தான் செம காமெடி. நாங்க உள்ள போனப்ப டிவில இன்னொரு முதல் ரவுண்டு ஆட்டமான பென் ஸ்டேட் – எஸ்எம்யூ மேட்ச் முடியப் போற நேரம். டல்லாஸ்ல இருந்து வந்த எஸ்எம்யூ பென்சில்வேனியா குளிர்ல 38-10னு அடி வாங்கிட்டு இருந்தாங்க, உடனே கவுண்டர்ல இருந்த கும்பல் பூரா "பாத்தீங்களா, தெற்கத்தி டீமுக்கு குளிரு ஆகாது"ன்னு டென்னசி ஜோடிய பாத்து கத்துது. அந்தம்மா சிரிச்சிட்டே இருந்தாங்க. அடுத்து 4 மணிக்கு ஆஸ்டின்ல டெக்சாஸ் – கிளெம்சன், அங்க குளிரும் இல்ல ஒண்ணும் இல்ல, அதுலயும் சொந்த ஊர் டீம் தான், டெக்சாஸ் 38-24. "இதுக்கு என்ன சொல்றீங்க, வெயில்ல உறைஞ்சிட்டாங்களா?"ன்னு அவங்க கேட்டதும் கவுண்டர்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. முந்தின நாள் ராத்திரி நோட்டர் டேம் வேற சொந்த மைதானத்துல இண்டியானாவ 27-17னு முடிச்சிருந்தாங்க. ஆக மூணுக்கு மூணு ஹோம் டீம், ஆனா காரணம் குளிரா கூட்டமா இல்ல வெறும் நல்ல டீமாங்கறதுல ஒருத்தரும் ஒத்துக்கல. எனக்கு கேட்டா, மேல இடம் பிடிச்சதுனால தானே ஹோம் மேட்சே கிடைச்சுது, அப்ப ஜெயிக்கறதுல பாதி அங்கயே முடிஞ்சிருது. இத சொன்னேன், யாருக்கும் பிடிக்கல.

இப்ப சாப்பாடு. மேட்ச் நாள்ல மெனு பாதியா சுருங்கிரும், அது எல்லா கடைலயும் நடக்கறது தான். சிக்கன் விங்ஸ் ட்ரை ரப் (மசாலா பொடி தடவினது) வாங்கினோம், மேல நல்லா மொறுமொறுன்னு, உள்ள ரெண்டு பீஸ் வறண்டு போய் இருந்துச்சு, காரம்னு அவங்க சொல்றது நமக்கு காரமே இல்ல. பிரெட்சலும் (முறுக்கு வடிவ ரொட்டி) பீர் சீஸும் நல்லா இருந்துச்சு, சூடா வந்துச்சு, அன்னிக்கு சாப்பிட்டதுல அது ஒண்ணு தான் திரும்ப கேக்கற மாதிரி. வெஜ் ஆளுங்க கவனிங்க, காலிஃப்ளவர் பைட்ஸ் வெஜ் லிஸ்ட்ல தான் போட்டுருக்கு ஆனா சிக்கன் பொரிக்கற அதே எண்ணெய், கேட்டா மறைக்காம சொல்றாங்க, கேக்கலன்னா சொல்ல மாட்டாங்க. டேட்டர் டாட்ஸ் (பொரிச்ச உருளைக்கிழங்கு உருண்டை) ஆறிப்போய் வந்துச்சு, மாத்திக் கேட்டோம், திரும்பி வர அரை மணி நேரம். கடைசில பக்கை மிட்டாய், கடலை வெண்ணெய் உருண்டைய சாக்லேட்ல முக்கினது, ஒஹாயோல எங்க போனாலும் கிடைக்கும், இங்க ஒண்ணும் ஸ்பெஷல் இல்ல ஆனா மோசமும் இல்ல.

பரிமாறின பொண்ண குறை சொல்லவே மாட்டேன், அந்த கூட்டத்துல ஒரு ஆர்டர் கூட மாத்தி வரல. குறை எல்லாம் நிர்வாகத்து மேல தான். வாசல்ல ஐடி பாக்க ஒரே ஆள், அந்த குளிர்ல வெளிய லைன். பின்பக்கம் வெளிய உக்கார்ற இடத்துல ஹீட்டர் வரிசையா நிக்குது, எரியறது ஒண்ணு. ரெஸ்ட்ரூம் லைன் பத்தி பேசவே வேணாம். அப்புறம் டிவி பூரா மேட்ச் ஓடறப்ப கமெண்டரிய ம்யூட் பண்ணிட்டு டிஜே பாட்டு போடறாங்க பாருங்க, அது யாரோட ஐடியான்னு தெரியல, மேட்ச் பாக்க வந்தவன் ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். எங்க டேபிள்ல இருந்து ரெண்டு தடவ சொல்லியும் கேக்கல, பெரியவர் எழுந்து போய் நின்னதும் உடனே பாட்ட நிப்பாட்டிட்டாங்க. சிவப்பு ஜெர்சிக்கு அந்த ஊர்ல இருக்கற மரியாதை.

சத்தம் பத்தின வாதத்துக்கு வரேன், என்னை பொறுத்த வரைக்கும் அன்னிக்கு உருப்படியான பேச்சு அது தான். டென்னசி ஆளு சொன்னாரு, எங்க நெய்லாண்ட் ஸ்டேடியமும் லட்சம் பேர் தான், சத்தம் எங்களுக்கு என்ன புதுசா, தவிர இந்த சீசன்ல இருந்து ஹெல்மெட்டுக்குள்ளயே ரேடியோ வந்தாச்சு, கோச் நேரா குவார்ட்டர்பேக் (பந்த எறியற முக்கிய ஆளு) காதுல சொல்லிருவாரு, அப்புறம் நீங்க எவ்ளோ கத்தினா என்ன. கேக்க சரியா இருக்கு, ஆனா அந்த ரேடியோ ப்ளே க்ளாக்ல (அடுத்த ஆட்டத்த ஆரம்பிக்க குடுக்கற நேரம்) 15 செகண்ட் இருக்கறப்ப கட் ஆயிரும். அது போக பிரச்சனை கோச்சுக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் நடுவுல இல்ல, குவார்ட்டர்பேக்குக்கும் அவர காப்பாத்த முன்னாடி நிக்கற அஞ்சு லைன்மேனுக்கும் நடுவுல தான். அவங்க காதுல ரேடியோ கிடையாது. பந்த பின்னாடி குடுக்கற ஸ்னாப் எப்பன்னு குரல் கேக்கலன்னா காலத் தட்டறது, தலைய ஆட்டறதுன்னு சைகைல போகணும், ஓரத்துல நிக்கற லைன்மேன், டேக்கிள்னு பேரு, பந்த பாத்துட்டு தான் கிளம்ப முடியும், எதிர்ல இருக்கறவனுக்கு அந்த கண் சிமிட்டற நேரம் போதும். அவசரப்பட்டா ஃபால்ஸ் ஸ்டார்ட்னு தப்பு, அஞ்சு கஜம் போச்சு. டென்னசி மாதிரி வேக வேகமா ஆடற டீமுக்கு இது இன்னும் வலிக்கும். ஒஹாயோ ஸ்டேடியம் குதிரை லாட வடிவம், அப்புறம் 2000 வாக்குல புதுப்பிச்சப்ப மைதானத்தையே 14 அடி கீழ இறக்கி சீட்ட கிட்ட கொண்டு வந்துட்டாங்க, எதிர் டீமோட முக்கியமான மூணாவது முயற்சில (தேர்ட் டவுன்) உள்ள நின்னா பக்கெட்டுக்குள்ள ஸ்பீக்கர் வச்ச மாதிரி இருக்கும்.

இத கேட்டுட்டு பெரியவர் பொண்ணு ஒரே போடா போட்டாங்க: "மிஷிகன் மேட்ச்ல ரெண்டு ஃபீல்ட் கோல் (கம்பத்துக்கு நடுவுல பந்த உதைக்கறது) மிஸ் பண்ணது நம்ம கிக்கர், ரெண்டு தடவ எதிராளி கைல பந்த போட்டு இன்டர்செப்ஷன் குடுத்தது நம்ம குவார்ட்டர்பேக், சத்தம் நம்ம பக்கம் தானே இருந்துச்சு?" அப்பாவால பதில் சொல்ல முடியல. சொந்த ஊர் கூட்டம் பயந்து போய் உக்காந்திருந்தா அந்த பயம் கீழ ஆடறவனுக்கு தெரியாமலா இருக்கும்.

மேட்ச் ஆரம்பிச்சதும் ஒஹாயோ ஸ்டேட் முதல் குவார்ட்டர்லயே 21-0. குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் பந்த போட்டா ஜெரமையா ஸ்மித் பிடிக்கறாரு, அவ்ளோ தான் விஷயம். கடைக்குள்ள யாரோ ஒஹாயோங்கற (O-H-I-O) எழுத்த பாதியா பிரிச்சு ஓ-எச்னு கத்த, எல்லாரும் ஐ-ஓன்னு திருப்பிக் கத்த, கூரை பறக்கற மாதிரி சத்தம், அந்த நேரம் விங்ஸ் கொண்டு வந்த பொண்ணும் தட்ட கையில வச்சிட்டே ஐ-ஓ. கடைசில 42-17. ஸ்டாண்டுல அவ்ளோ ஆரஞ்சு இருந்தும் ஒண்ணும் ஆகல, அதே சமயம் ஹோம் சத்தம் தான் ஜெயிக்க வச்சுதுன்னும் சொல்ல முடியாது, அவ்ளோ ஆடினா பார்க்கிங் லாட்ல வச்சாலும் ஜெயிப்பாங்க.

அதுக்கப்புறம் நடந்தது பெரியவருக்கும் பொண்ணுக்கும் ஒரு வருஷத்துக்கு பேச தீனி. இந்த மேட்சுக்கு முன்னாடி, அக்டோபர்ல, ஓரிகன் டீமோட ஊரான யூஜீன் போய் அவங்க கிட்ட 32-31னு ஒரே பாயிண்ட்ல தோத்தாங்க, ஆட்ஸன் ஸ்டேடியம் வெறும் 54,000 சீட்டு தான், ஆனா காது கிழியும். அதே ஓரிகன ஜனவரி 1 கால் இறுதில, ரோஸ் பவுல்ங்கற பொதுவான மைதானத்துல, பாதி ஆட்டம் முடியறதுக்குள்ளயே ஒரு கட்டத்துல 34-0, முடிவு 41-21. அடுத்து டெக்சாஸ், ஆட்டம் நடந்தது டெக்சாஸ் மாநிலத்துலயே ஆர்லிங்டன்ல, பேருக்கு தான் பொது மைதானம், அதுலயும் 28-14. அட்லாண்டால நோட்டர் டேம 34-23னு ஜெயிச்சு சாம்பியன். இத வச்சு என் கட்சி இது தான்: ஒரு பாயிண்ட், ரெண்டு பாயிண்ட்னு இழுபறியா போற ஆட்டத்துல தான் ஹோம் மைதானத்துக்கு வேலை, ஓரிகன்ல நடந்த மாதிரி. ஆனா அந்த மாதிரி ஆட்டத்துல அது சொந்த டீம் கழுத்தயும் பிடிக்கும், மிஷிகன் வந்தப்ப நடந்த மாதிரி. 25 பாயிண்ட் வித்தியாசத்துல அது இருந்தா என்ன இல்லாட்டி என்ன. அந்த வருஷம் முதல் ரவுண்டுல நாலு ஹோம் டீமும் ஜெயிச்சுது, ரெஸ்ட் எடுத்துட்டு நேரா கால் இறுதிக்கு வந்த நாலு டீமும் தோத்துது, அத வச்சு தனியா ஒரு சண்டை போடலாம், நேரம் இருக்கறவங்க போடுங்க.

போறவங்களுக்கு: மேட்ச் நாள்ல டேபிள் ரிசர்வ் கிடையாது, கிக்ஆஃப் 8 மணின்னா 3 மணிக்கு உள்ள இருக்கணும், மத்தியானம் 12 மணி மேட்ச்னா காலைல கடை திறக்கறப்பவே. கார தூரமா விட்டுட்டு நடங்க, பக்கத்து வீட்டுக்காரங்க புல் தரையில பார்க்கிங்னு போர்டு வச்சு கேக்கற காசுக்கு இன்னொரு பிரெட்சல் வாங்கலாம். பில்ல பாத்து குடுங்க, மேட்ச் நாள்ல 20 சதவீதம் டிப்ஸ அவங்களே சேத்துடறாங்க, கீழ இன்னொரு டிப்ஸ் கோடும் இருக்கும், தெரியாம ரெண்டு தடவ குடுத்துட்டு வராதீங்க. குழந்தைங்கள சாயங்காலத்துக்கு மேல கூட்டிட்டு போக வேணாம், வாய் கொஞ்சம் நீளும் அங்க. எதிர் டீம் ஜெர்சி போட்டுட்டு போகலாமான்னா தாராளமா போங்க, கிண்டல் பண்ணுவாங்க, பக்கத்துல உக்கார வச்சு பீரும் வாங்கிக் குடுப்பாங்க, அன்னிக்கு அந்த நாக்ஸ்வில் ஜோடிக்கு பெரியவர் தான் வாங்கிக் குடுத்தாரு. மிஷிகன் ஜெர்சி மட்டும் வேணாம்.

சாப்பாட்டுக்கு 5க்கு ரெண்டரை, சர்வீஸுக்கு நாலு, மேட்ச் நாள் கூட்டத்துக்கும் பேச்சுக்கும் அஞ்சு. மேட்ச் இல்லாத செவ்வாக்கிழமைல பசிக்குதுன்னு இங்க போக நினைச்சா, அதே தெருவுல பீட்சா கடை ஒண்ணு இருக்கு, அங்க போயிடுங்க.