இலவச வைட்டமின் எங்கே கிடைக்கும்: எங்கள் ஊர் பால்வாடியும் ஆரம்ப சுகாதார நிலையமும்

மகளுக்கு 2 வயது 4 மாதம். பிறந்தது தனியார் மருத்துவமனையில், தடுப்பூசி போட்டதும் அங்கேயேதான். போன மாதம் எதிர்வீட்டு அக்கா பேச்சுவாக்கில், "பாப்பாவுக்கு வைட்டமின் ஏ எத்தனை தடவை ஊத்தியிருக்கீங்க தம்பி?" என்று கேட்டார். ஊசியோடு அதையும் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது நர்சம்மா கொடுத்த தாய் சேய் நல அட்டையைத் தேடியெடுத்துப் பார்த்தால், வைட்டமின் ஏ கட்டங்கள் அத்தனையும் காலி. தனியார் டாக்டர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். 9 மாதத்தில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடும்போது 1 மி.லி., அதாவது 1 லட்சம் யூனிட். ஒன்றரை வயதில் 2 மி.லி., அதன்பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே 2 மி.லி. மொத்தம் 9 தடவை. எல்லாமே இலவசம். குழந்தை எங்கே பிறந்தது, ஊசி எங்கே போட்டீர்கள் என்பதெல்லாம் இதற்குக் கணக்கே இல்லை. இது தெரியாமல்தான் என்னைப் போல நிறையப் பேர் கோட்டை விடுகிறோம்.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதான் ஊசி நாள். முதல் தடவை தெரியாமல் வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் போய், "புதன்கிழமை வாங்க" என்ற பதிலோடு திரும்பி வந்தேன். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு போர்டு இருக்கிறது, அதில் பாம்புக்கடி முதல் குடும்பக் கட்டுப்பாடு வரை எல்லாம் எழுதியிருக்கிறது, எந்தக் கிழமை குழந்தைக்கு வைட்டமின் கொடுப்பார்கள் என்ற ஒரு வரியைத் தவிர. அடுத்த புதன் ஒன்பது மணிக்கே போயும் எங்களுக்கு முன்னால் பத்திருபது பேர். மின்விசிறி ஒன்றுதான் சுற்றியது, குழந்தைகள் எல்லாம் ஒரே சுருதியில் அழுதுகொண்டிருந்தன.

ஆனால் உள்ளே போன பிறகு குறை சொல்ல ஒன்றும் இல்லை. நர்சம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "மூணு டோஸ் விட்டுட்டீங்களேப்பா" என்று செல்லமாக ஒரு திட்டு. அப்படியானால் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு முறைத்தார். விட்டதைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாதாம். வைட்டமின் ஏ கல்லீரலில் சேர்ந்து நிற்கும், அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும், அதே காரணத்தால் அதிகமானால் ஆபத்து. இன்றைக்கு 2 மி.லி., அடுத்தது ஆறு மாதம் கழித்து, அவ்வளவுதான். பாட்டிலோடு வரும் சின்னக் கரண்டியில் 1, 2 என்று கோடு இருக்கிறது, அதில் அளந்துதான் ஊற்றினார். எண்ணெய் மாதிரி மஞ்சள் திரவம், மகள் துப்பிவிடுவாள் என்று பயந்தேன், உதட்டை நக்கிவிட்டு இன்னொன்று கேட்டாள்.

ஆண்டுக்கு இரண்டு தடவை முகாம் வைத்துப் பால்வாடியிலேயே இதைக் கொடுக்கிறார்கள். புதன்கிழமை லீவு போட முடியாதவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் எங்கே கொடுத்தாலும் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முகாமில் ஒரு தடவை, நிலையத்தில் ஒரு தடவை என்று குழந்தைக்கு இரட்டிப்பாகிவிடும்.

அப்புறம் இரும்புச்சத்து சிரப். இதுவும் கேட்ட பிறகுதான் எடுத்துக் கொடுத்தார்கள், கேட்காமல் இருந்திருந்தால் வெறுங்கையோடு வந்திருப்பேன். 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இரண்டு தடவை 1 மி.லி. வீதம். அதில் 20 மில்லிகிராம் இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. 50 மி.லி. பாட்டில், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஆறு மாதத்துக்கு வரும். 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இந்த வயதுக் குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது, பாதிக்கும் மேல். அதனால் நம் பிள்ளை கொழுகொழுவென்றுதானே இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். சாப்பிட்ட பிறகு கொடுங்கள், பாலோடு கலக்காதீர்கள், பால் இரும்பைச் சேரவிடாது. மலம் கருப்பாகப் போனால் பதற வேண்டாம். என் மனைவி பதறி எனக்கு ஆபீசுக்கு போன் போட்டாள்.

எனக்கு வந்த சிரப் பாட்டிலில் மருந்தை அளந்து ஊற்றும் மூடி இரண்டே வாரத்தில் பிசுபிசுத்து அடைத்துக்கொண்டது. இப்போது மெடிக்கலில் ஐந்து ரூபாய்க்கு வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து ஊற்றுகிறேன். ஒரு தடவை ஸ்டாக் இல்லை என்றும் திருப்பி அனுப்பினார்கள். அதிலிருந்து பால்வாடி டீச்சரிடம் என் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறேன், வந்ததும் அவரே கூப்பிடுகிறார். நல்ல மனுஷி. சத்துமாவும் அவரிடம்தான் வாங்குகிறோம். கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் எல்லாம் கலந்து வைட்டமினும் சேர்த்த மாவு. கஞ்சியாகக் காய்ச்சினால் எங்கள் வீட்டில் யாரும் சீண்டுவதில்லை, தேங்காய்ப்பூ போட்டுக் கொழுக்கட்டை பிடித்தால் எனக்கே மிச்சம் கிடைப்பதில்லை.

மனைவிக்கு இப்போது ஐந்தாம் மாதம். அவளுக்குத் தினம் ஒரு சிவப்பு மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பு, 180 நாளுக்கு. கால்சியம் தினம் இரண்டு, அதிலேயே வைட்டமின் டி3 இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதை நர்சம்மா மூன்று தடவை சொன்னார், முதல் பிரசவத்தில் அவ்வளவு பீஸ் வாங்கிய இடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. காலையில் குமட்டுகிறது என்றதும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொன்னார், இப்போது பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. அண்ணன் மகளுக்குப் பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள், அதுவும் இரும்புச்சத்துதான். 2023 மார்ச்சில் ஊட்டியில் பள்ளிப் பிள்ளைகள் இந்த மாத்திரையைப் போட்டி போட்டுத் தின்று ஒரு மாணவி இறந்தே போனாள். மிட்டாய் மாதிரி பளபளவென்று இருப்பதால் சிவப்பு மாத்திரையைச் சமையலறை மேடையில் வைக்காதீர்கள். நாங்கள் பீரோவுக்கு மாற்றிவிட்டோம்.

கைக்குழந்தைகளுக்கான வைட்டமின் டி சொட்டு மட்டும் எங்கள் நிலையத்தில் இல்லை, வெளியேதான் வாங்க வேண்டும். அதைத் தவிர, முன்பு மாதாமாதம் நான் மெடிக்கலில் டானிக்குக்கு அழுத காசு இப்போது மிச்சம். பத்து நாளைக்கு முன்பு கொழுந்தியாள் வீட்டில் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், பையனுக்கு ஒன்றே முக்கால் வயது, வைட்டமின் ஏ இரண்டு கட்டமும் காலி. இந்தப் புதன் அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன். வருகிறவர்கள் அட்டை, தண்ணீர் பாட்டில், ஒரு விசிறி, மூன்றையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.