வெள்ளைக் குட்டி என்று விற்கப்பட்ட சியாம் பூனை: மட்டக்களப்பு நகரச் செல்லப்பிராணிக் கடையொன்றில் எங்கள் அனுபவம்

சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில் மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு செல்லப்பிராணிக் கடையில் 35,000 ரூபாவுக்குச் சியாம் பூனைக்குட்டி ஒன்றை வாங்கினோம். அதற்கு இப்போது பதினாறு மாதம். வாங்கிய மறுநாளே எழுதியிருந்தால் இது வெறும் முறைப்பாடாக இருந்திருக்கும். பூனையின் நிறம் முழுமையாக வந்துவிட்ட பிறகு எழுதுவதால், கடையில் எது குறை, எது குறையல்ல என்பதைப் பிரித்துச் சொல்ல முடிகிறது.

குட்டியை முற்பதிவு செய்தது மார்கழி மழைக்குள். பிறந்து பன்னிரண்டு நாள் மட்டுமே ஆன குட்டிகளின் படத்தைக் கடைக்காரர் கைபேசியில் காட்டினார். நான்கும் தேங்காய்ப்பூப் போல வெள்ளையாக இருந்தன. "நல்ல வெள்ளைக் குட்டி ரீச்சர், கண் நீலமா வரும்" என்றார். என் மகள் நான்கில் ஒன்றைத் தெரிவு செய்தாள். எட்டு வாரம் முடிந்ததும் எடுத்துவரச் சென்றோம். பெட்டிக்குள்ளிருந்து எங்களைப் பார்த்த குட்டியின் காது விளிம்பும் மூக்கும் வாலும் அடுப்படிக் கரி பட்டது போல மங்கிக் கறுத்திருந்தன. குட்டியை மாற்றிவிட்டார்கள் என்று மகள் அழுதாள். எனக்கும் அதே சந்தேகம்தான். கடைக்காரர் மாற்றவில்லை என்று உறுதியாகச் சொன்னார். ஆனால் காரணம் கேட்டபோது, "மண்ணுல பெரண்டிருக்கும், ரெண்டு தரம் முழுகாட்டினாப் போயிரும்" என்றுதான் பதில் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் இளஞ்சூட்டு நீரில் நனைத்த வெள்ளைத் துணியால் அதன் காதை மெதுவாகத் துடைத்தேன். துணியில் சிறு கறைகூட ஒட்டவில்லை. மயிரை ஒதுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மயிரின் நுனியும் வெண்மையாகவும், அடிப்பக்கம் சாம்பலாகவும் இருந்தது. அதைக் கண்ட பிறகும் கடைக்காரரின் சொல்லை நம்பி ஒரு தடவை குளிப்பாட்டினோம். வாடைக்காற்று வீசிய அந்த நாளில் குட்டி வெகுநேரம் நடுங்கியது. இந்தக் கடையைப் பற்றிய என் முதன்மையான குறை இதுதான். நிறத்தை மறைத்து விற்றார் என்று நான் சொல்லவில்லை. தாம் விற்கும் உயிரைப் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை. அறியாததை அறிந்தது போலச் சொன்னார்.

தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது நகரிலுள்ள மிருக வைத்தியர் ஒருவர் குட்டியைக் கையில் எடுத்த உடனேயே, "இது ஊத்தை இல்ல ரீச்சர், இதான் இதின்ட நிறம், இன்னும் கறுக்கும்" என்றார். அடுத்து ஒருவர் காத்திருந்தபோதும் பொறுமையாக அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். மயிருக்குக் கருமை தரும் மெலனின் உருவாகத் தைரோசினேஸ் என்ற நொதியம் வேண்டும். சியாம் பூனையில் அந்த நொதியத்துக்குரிய பரம்பரையலகில் ஒரு மாற்றம் உண்டு. அதனால் உடலின் உள்வெப்பமாகிய 38 முதல் 39 பாகை செல்சியஸில் நொதியம் சரிவர இயங்காமல் போக, அதைவிடக் குளிர்ச்சியான காது, முகம், பாதம், வால் ஆகிய இடங்களில் மட்டும் இயங்கி மயிரைக் கறுப்பாக்குகிறது. தாயின் வயிற்றுக்குள் எல்லாப் பக்கமும் ஒரே சூடு என்பதால் குட்டி ஏறத்தாழ வெள்ளையாகவே பிறக்கிறது. வெளியே வந்த பிறகு, குளிர்ச்சியான இடங்களில் புதிதாக முளைக்கும் மயிர்தான் நிறத்தோடு வருகிறது. நான் கண்ட வெள்ளை நுனியும் சாம்பல் அடியும் இதனால்தான். நுனி முன்பே வளர்ந்தது. அடி பின்பு வளர்ந்தது.

அந்த நாளிலிருந்து மாதம் ஒருமுறை ஒரே யன்னலோரத்தில் வைத்துப் படம் எடுத்துவந்தோம். மூன்றாம் மாதத்தில் காதுகள் முழுக்கக் கறுத்தன. மூக்கைச் சுற்றியிருந்த கறை மெல்ல மேலேறியது. ஆறாம் மாதமளவில் கண்களைச் சூழ்ந்து முகமூடி போலாகியது. இளஞ்சிவப்பாக இருந்த பாத மெத்தைகள் கடுங்கபில நிறமாயின. கால்கள் கடைசியாகத்தான் கறுத்தன. ஓராண்டு நிறைந்தபோதே அவை வாலின் நிறத்தை எட்டிப் பிடித்தன. முதுகு இப்போது பாற்தேநீரின் நிறத்துக்கு வந்துவிட்டது. வயது ஏற ஏற உடம்பும் சற்றுக் கறுக்கும் என்பதால் அது இன்னும் கடுமையாகலாம். கண்ணின் நீலம் மட்டும் மாறவேயில்லை. மற்றப் பூனைக்குட்டிகளின் கண்ணில் முதலில் தெரியும் நீலம் சில வாரங்களில் மறைந்துவிடும். சியாம் பூனையில் அதே பரம்பரையலகுதான் நீலத்தையும் ஆயுள் முழுக்க நிலைக்கச் செய்கிறது. கடைக்காரர் சொன்ன இரண்டு சொல்லில் கண் பற்றியது மெய்யாகிவிட்டது.

ஏழாம் மாதத்தில், கச்சான் காற்று கடுமையாக வீசிய ஆடியில், அதே வைத்தியரிடம் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தோம். அப்போது இடது விலாவில் உள்ளங்கையளவு மயிரை மழித்தார்கள். மயிர் இல்லாத தோல் உடம்பின் மற்ற இடங்களைவிடக் குளிர்ந்திருக்கும். ஆகவே அங்கே கறுத்த மயிர் முளைக்கும், பயப்பட வேண்டாம், அடுத்த மயிர் உதிர்வில் மாறிவிடும் என்று வைத்தியர் முற்கூட்டியே சொல்லி அனுப்பினார். அவர் சொன்னபடியே நடந்தது. ஏழெட்டு மாதம் வெளிர்ந்த விலாவில் சதுரமான ஒரு கபிலத் திட்டு இருந்தது. இந்தப் பங்குனியில் மயிர் கொட்டியபோது அது கரைந்து, இப்போது விளிம்பு மட்டும் இலேசாகத் தெரிகிறது. முன்னரே சொல்லப்படாதிருந்தால் காயம் பழுதாகிவிட்டதென்று எண்ணி ஓடியிருப்போம். இப்படிச் சூட்டையும் குளிரையும் மாற்றினால் சியாம் பூனையின் புது மயிரின் நிறம் மாறும் என்பதை இல்ஜின் என்ற பெயருடைய இரு ரஷ்ய ஆய்வாளர்கள் 1930ஆம் ஆண்டிலேயே சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள்.

எங்கள் குட்டியின் உடன்பிறப்பொன்று பண்டாரவளைக்குப் போனது. அதன் வீட்டாரோடு இப்போதும் தொடர்பில் இருக்கிறோம். அந்த மலைக்குளிரில் வளர்ந்த பூனையின் முதுகு கோப்பிக் கொட்டை நிறத்துக்கு அருகே வந்திருக்க, கல்லடிக் கடற்கரை வெக்கையில் வளரும் எங்களுடையது வெளிர்ந்தே நிற்கிறது. ஒரே ஈற்றுக் குட்டிகள் என்று படத்தைப் பார்க்கும் எவரும் சொல்லமாட்டார்கள்.

கடையின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கவில்லை. பூச்சி மருந்து கொடுத்த திகதிகள் எழுதப்பட்டிருந்தன. மணல் தட்டில் போகப் பழகியிருந்தது. அவித்த சூடை மீனை முதல் நாளே மறுக்காமல் தின்றது. கூடுகள் துப்புரவாக இருந்தன. விலையும் சொன்ன விலைதான். இத்தனையையும் ஒழுங்காகச் செய்யும் ஒருவர், இரண்டு வாரக் குட்டியின் படத்தைக் காட்டி வெள்ளை என்று விற்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம். அந்த வயதில் தாய் தகப்பனின் படத்தையும் சேர்த்துக் காட்டியிருந்தால் எதுவுமே சொல்லத் தேவைப்பட்டிருக்காது. இந்தப் பரம்பரையலகு பின்னிடைவானது என்பதால் இரு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் குட்டி இந்த நிறத்தைக் காட்டும். பெற்றோர் இரண்டும் சியாம் என்றால் குட்டி வெள்ளையாக நிலைக்கப்போவதில்லை.

உண்மையாகவே வெள்ளைப் பூனை வேண்டுமென்று இக்கடைக்குப் போகிறவர்கள் எட்டு வாரம் ஆகும்வரை பணம் கொடுக்காமல் இருங்கள். போகும்போது குட்டியின் மூக்கு நுனியையும் பாத மெத்தையையும் காது விளிம்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் படரத் தொடங்கியிருந்தால் அது கழுவிப் போகாது. சியாம் பூனைதான் வேண்டுமென்றால் தயங்காமல் இங்கேயே வாங்கலாம். குட்டிகளின் உடல்நலத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சென்ற மாதம் எங்கள் பூனையின் பன்னிரண்டாம் நாள், எட்டாம் வாரம், ஓராண்டு ஆகிய மூன்று படங்களையும் அச்சிட்டுக் கடைக்காரரிடம் கொடுத்தேன். நெடுநேரம் மாறிமாறிப் பார்த்துவிட்டு, குட்டிகள் இருக்கும் கூட்டுக்கு மேலே அவற்றை வரிசையாக ஒட்டினார்.