சிப் போடும் பிளேயரா, மாதச் சந்தாவா, விலைக்கு வாங்குவதா?

பாட்டைக் கையோடு கொண்டுபோக இன்றைக்கு மூன்று வழி இருக்கிறது. மெமரி சிப் போடும் சின்ன எம்பி3 பிளேயர் ஒன்று. ஸ்பாட்டிஃபை, அப்பிள் மியூசிக் போல மாதச் சந்தா கட்டிப் போனில் கேட்பது இரண்டாவது. ஐடியூன்ஸ், பேண்ட்கேம்ப் போன்ற இணையக் கடையில் பாட்டை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்வது மூன்றாவது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு இவற்றில் ஒன்றைத் தெரிவுசெய் என்றால் நான் பிளேயரைத்தான் எடுப்பேன். மற்ற இரண்டும் குறைந்தவை என்பதால் இல்லை. நான் கேட்கிற பாட்டில் பாதி அவை இரண்டிலும் கிடைக்காது.

சந்தாவிலிருந்து தொடங்குவோம். ஸ்பாட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. தெரியாத பாடகரைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இலவசக் கணக்கில் 160 கேபிபிஎஸ் தரத்தில் கேட்டால் மணிக்கு 72 எம்பி அளவில் டேட்டா போகும். காசு கட்டினால் ஒரு போனில் 10,000 பாட்டு வரை இறக்கி வைக்கலாம். ஆனால் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் இறக்கியது கையை விட்டுப் போய்விடும். சந்தாவை நிறுத்தினாலும் அப்படித்தான்.

வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் இது ஒரு பிரச்சினையே இல்லை. வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரை வயல்களுக்குள் போனால் சில இடங்களில் சிக்னல் ஒரு கோடு, சில இடங்களில் அதுவும் கிடையாது. கொழும்பு ரயில் புனானை தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தாலும் பாட்டு விட்டுவிட்டுத்தான் வரும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றதே, அப்போது எங்கள் பக்கத்தில் டவரும் சேர்ந்து படுத்துவிடும். பழைய பிளேயர் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

இணையக் கடையின் கதை கொஞ்சம் நீளம். அப்பிள் 2003 ஏப்ரலில் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தபோது ஒரு பாட்டு 99 அமெரிக்கச் சதம். ஆனால் பாட்டுக்குப் பூட்டுப் போட்டுத்தான் விற்றார்கள், வேறு கம்பனிப் பிளேயரில் அது ஓடாது. மைக்ரோசொஃப்ட் செய்தது இன்னும் மோசம். எம்எஸ்என் மியூசிக்கில் அவர்களே விற்ற பாட்டுகள், 2006இல் அவர்களே கொண்டுவந்த சூன் பிளேயரில் ஓடவில்லை. 2008இல், அந்தப் பாட்டுகளைப் புதுக் கணினியில் திறப்பதற்கான அனுமதி சேவையையும் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் அதைத் தள்ளிவைத்தார்கள். காசு கொடுத்தவன் கையில் ஒன்றும் மிஞ்சாத வியாபாரம் அது. 2009இல் அப்பிள் பூட்டை எடுத்தது. 2012இல் இலங்கைக்கும் கடை திறந்தது. இப்போது ஐடியூன்ஸில் வாங்குகிற பாட்டு உங்களுடையது, எங்கேயும் பிரதி எடுக்கலாம். அப்பிள் மியூசிக் சந்தாவில் இறக்கியது அப்படியல்ல, அதில் பூட்டு இன்றும் உண்டு. இரண்டும் ஒரே கம்பனி என்பதால் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பேண்ட்கேம்பில் எம்பி3, ஃப்ளாக் என்று விரும்பிய வடிவத்தில் இறக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் கம்பனி எடுப்பது 15 வீதம், அதனால் பாடியவருக்குப் போய்ச் சேருவது அதிகம். புலம்பெயர்ந்த நம் இளம் கலைஞர்களின் பாட்டை வாங்க நான் முதலில் பார்ப்பது இங்கேதான். ஆனால் விலை டொலர் போன்ற வெளிநாட்டுக் காசில். 200 ரூபாவாக இருந்த டொலர் 2022இல் 360 வரை போய், பிறகு 300 அளவுக்கு இறங்கியது. ஒரு பாட்டுக்கு 300 ரூபா என்றால் நல்லாய் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

இனிப் பிளேயர். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணிக் கூத்தும், வைகாசியில் கண்ணகியம்மன் கோயில்களில் பாடுகிற குளிர்த்திப் பாட்டும், வசந்தன் பாட்டும், அக்கரைப்பற்று, காத்தான்குடிப் பக்கத்து முஸ்லிம் பக்கீர்கள் பாடுகிற பைத்தும் எந்தக் கடையில் விற்கிறார்கள்? தேடிப் பார்த்தேன், கிடைத்தது சொற்பம். கூத்து ஆடுகிற களரியடியில் யாரோ போனில் பிடித்த பதிவுதான் நம்மிடம் இருப்பது. கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரின் மத்தளமும், பின்னால் நின்று பாடுகிறவர்களின் பிற்பாட்டும் அதில்தான் இருக்கிறது. அதை ஏற்றிக் கேட்க, எந்தப் பைலையும் ஏற்கிற ஒரு பெட்டி வேண்டும்.

போன் பிடித்த பதிவு பெரும்பாலும் எம்4ஏ அல்லது ஏஎம்ஆர் வடிவில் இருக்கும். மலிவுப் பிளேயர் பலதுக்கு அது விளங்காது. ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளையும் சேர்த்து, போட்டு எம்பி3 ஆக்குங்கள். 128 கேபிபிஎஸ் கூத்துக்குத் தாராளம். விடிய விடிய ஆடிய எட்டு மணி நேரக் கூத்து 460 எம்பி அளவில் அடங்கும், ஒரு 32 ஜிபி சிப்பில் 500 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். முழு இரவையும் ஒரே பைலாக விடவேண்டாம். நிறுத்திய இடத்தை நினைவில் வைக்காத பிளேயர்தான் அதிகம், தொடக்கத்து வரவுப் பாட்டிலிருந்து திரும்பத் தொடங்கிவிடும். இருபது நிமிடத் துண்டுகளாக வெட்டி 01, 02 என்று எண் போடுங்கள். தமிழில் பெயர் வைத்தால் சின்னத் திரையில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். சில பிளேயர் பெயர் வரிசையைப் பார்க்காமல் சிப்பில் ஏற்றிய வரிசையில்தான் பாடும், ஆகவே ஒவ்வொன்றாக ஏற்றுவது நல்லது.

போனிலேயே இதெல்லாம் முடியுமே என்று கேட்கலாம். முடியும். ஆனால் புதுப் போன் பலதில் சிப் போட இடமே இல்லை. கூத்து உச்சத்தில் நிற்கும்போது அழைப்பு வந்து அறுக்கும். என் அப்பா கண்ணாடி போடாமலே பொத்தானைத் தடவி அடுத்த பாட்டுக்குப் போவார், தொடுதிரையில் அது நடக்காது. எஃப்எம் வேறு இருக்கிறது, இயர்போன் வயரே அதற்கு அன்ரெனா.

ஐபொட் ஆசையிருந்தால் பழையதுதான் தேட வேண்டும், 2022 மே மாதத்தோடு அப்பிள் அதை நிறுத்திவிட்டது. ஒலி அருமை. ஆனால் கணினியில் ஐடியூன்ஸ் போன்ற அப்பிள் மென்பொருள் இல்லாமல் பாட்டு ஏற்றுவது கரைச்சல். சோனி வோக்மன் நல்லதுதான், விலைதான் இடிக்கும்.

வாங்கும்போது எத்தனை ஜிபி சிப் ஏற்கும் என்று கேளுங்கள். 32க்கு மேல் போனால் சிப்பில் பைல்களைப் பதிகிற முறையே வேறு, பழைய பிளேயர் பலதுக்கு அது தெரியாது. 128 என்று எழுதி உள்ளே குறைவாக இருக்கும் போலிச் சிப்பும் சந்தையில் உண்டு. எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் சோதித்த பிறகே பதிவுகளை ஏற்றுங்கள், ஒரு பிரதியைக் கணினியிலும் வையுங்கள். இன்னொரு பிரதியை ஆடிய ஊருக்கே, அண்ணாவியார் கையில் கொடுத்துவிடுங்கள். யூடியூபில் போடுவதென்றால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.