பதுங்குகுழிப் பாடலும் ஒரு பவுண்டு சாக்லேட்டும்

பிரிட்டனின் பேரங்காடி நிறுவனமான செயின்ஸ்பரிஸ் 2014ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு வெளியிட்ட விளம்பரத்தை, மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல் ஓடும் குறும்படமாக மட்டும் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. 1914 டிசம்பரில், முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் சில பகுதிகளில், பிரிட்டிஷ், ஜெர்மன் படைவீரர்கள் தாமாகவே சண்டையை நிறுத்திவிட்டு, பதுங்குகுழிகளுக்கு இடையே கிடந்த வெற்றுநிலத்தில் கைகுலுக்கிக்கொண்ட நிகழ்ச்சியே அதன் கதை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஜெர்மன் மொழியில் எழும் ‘ஸ்டில்லே நாக்ட்’ பாடலோடு ஆங்கிலக் குரல்கள் ‘சைலண்ட் நைட்’ என்று இணையும் இடம் மெய்சிலிர்க்க வைக்கிறது.

சிக்கல் பாடலில் இல்லை. அது சுமந்து வரும் சரக்கில் இருக்கிறது. 1818இல் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப் தேவாலயத்தில் கித்தார் துணையோடு முதன்முதலாகப் பாடப்பட்ட அந்த எளிய கீர்த்தனை, இங்கே ஒரு சாக்லேட் கட்டிக்கு முன்னுரையாகிவிடுகிறது. பிரிட்டிஷ் வீரன் எதிரியின் சட்டைப்பையில் ரகசியமாக வைத்தனுப்பும் அதே சாக்லேட், அதே பழங்கால உறையோடு கடையில் ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது. இலாபம் முழுவதும் முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் ராயல் பிரிட்டிஷ் லீஜனுக்குப் போனதால், கடிந்துகொள்ளவும் நா எழவில்லை. ஆயினும் தொலைவில் பீரங்கி முழங்க, ஒருவர்கூடச் சாகாமல் படம் முடிந்து, அங்காடியின் பெயர் திரையில் தோன்றும்போது, அதுவரை கேட்ட பாட்டு கல்லாப்பெட்டிக்கு அருகில் வந்து நின்றுவிடுகிறது. விளம்பரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு நூற்றுக்கணக்கான புகார்கள் சென்றும் தடை விதிக்கப்படவில்லை. அது சரியே, ஏனெனில் இதில் மீறப்பட்டது விதியன்று, இங்கிதம்.

பேரங்காடிகளுக்குப் பாட்டின் சொற்களைவிட அதன் மணியோசைதான் முக்கியம் போலும். காதல் முறிவைப் புலம்பும் வாம் குழுவின் 1984ஆம் ஆண்டுப் பாடலையும், கிறிஸ்துமஸ் வணிகமாகிவிட்டதே என்ற வருத்தத்தில் கிரெக் லேக் 1975இல் வெளியிட்ட பாடலையும் அவை தள்ளுவண்டிகளுக்கு மேலே தயங்காமல் ஒலிக்கவிடுகின்றன.

இதோடு ஒப்பிட்டால், 2020இல் மற்றொரு பிரிட்டிஷ் பேரங்காடியான டெஸ்கோ செய்தது நேர்மையானது. பெருந்தொற்றுக் காலத்தில் அவரவர் செய்த சின்னச் சின்னத் தவறுகளை மன்னிக்கும் அந்த விளம்பரத்துக்கு, கிறிஸ்துமஸோடு தொடர்பே இல்லாத பிரிட்னி ஸ்பியர்ஸின் குறும்பான பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பாட்டும் கெடவில்லை, பண்டிகையும் கெடவில்லை. செயின்ஸ்பரிஸின் படத்தை இன்று பார்ப்பவர்கள் அந்தப் பாடல் காட்சி வரை பார்த்தால் போதும். பொட்டலம் கைமாறும் பகுதி கடைக்குரியது.