மார்க் 14, டைப் 95: பசிபிக் போரின் இரண்டு டார்பிடோக்கள்

டார்பிடோ என்பது நீருக்கடியில் தானே ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் வெடிகுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் கடலில் மோதிய அமெரிக்க நீர்மூழ்கிகளின் மார்க் 14-ஐயும் ஜப்பானிய நீர்மூழ்கிகளின் டைப் 95-ஐயும் எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை. விட்டம் இரண்டுக்கும் 53 செ.மீ.தான். மார்க் 14, 46 நாட் (மணிக்குச் சுமார் 85 கி.மீ.) வேகத்தில் சுமார் 4,100 மீட்டர் ஓடும். டைப் 95 ஏறத்தாழ 50 நாட் வேகத்தில் 9,000 மீட்டர் ஓடும். போர் தொடங்கியபோது முன்னதில் வெடிமருந்து சுமார் 230 கிலோ, பின்னதில் 405 கிலோ.

வித்தியாசம் எரிபொருளை எதில் எரிப்பது என்பதில் இருக்கிறது. மார்க் 14 ஆல்கஹாலை அழுத்தக் காற்றில் எரித்தது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அது எரியவும் உதவாது, கடலில் கரையவும் கரையாது. குமிழிகளாக மேலே வந்து எதிரிக்குத் தடம் காட்டிவிடும். டைப் 95-இல் மண்ணெண்ணெயும் தூய ஆக்சிஜனும். கழிவு வாயு பெரும்பாலும் நீரில் கரைந்துவிடுவதால் தடம் தெரிவது அபூர்வம். 1942 செப்டம்பர் 15 அன்று ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-19 விட்ட ஆறு டார்பிடோக்கள் அமெரிக்காவின் வாஸ்ப் விமானந்தாங்கியை மூழ்கடித்ததோடு, தொலைவில் சென்ற நார்த் கரோலினா போர்க்கப்பலையும் ஓ'பிரையன் நாசகாரிக் கப்பலையும் தாக்கின.

ஆக்சிஜனைக் கையாள்வது எளிதல்ல. எடுத்த எடுப்பிலேயே திறந்தால் எஞ்சின் வெடிக்கும். அதனால் சாதாரணக் காற்றில் கிளப்பி, படிப்படியாக ஆக்சிஜனுக்கு மாற்றினார்கள். குழாய்க்குள் துளி கிரீஸ்கூட இருக்கக் கூடாது. இதே நுட்பத்தில் செய்த 61 செ.மீ. டைப் 93-ஐ மேல்தளத்தில் வைத்திருந்த ஜப்பானிய குரூசர்களுக்கு (நடுத்தரப் போர்க்கப்பல்களுக்கு) அது பெரும் அபாயமானது. 1942 மிட்வே சண்டையில் மொகாமி என்ற குரூசர் தன் டார்பிடோக்களைக் கடலில் தள்ளியதால் தப்பியது. இன்னொரு குரூசரான மிகுமாவில் அவை வெடித்தன.

மார்க் 14-இன் கோளாறுகள் வேறு வகை. அவை ஒன்றையொன்று மறைத்தன. முதலாவது, ஆழம். 1942 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே மீன்வலையைக் கட்டி அதன் குறுக்கே டார்பிடோக்களை விட்டார்கள். வலையில் விழுந்த ஓட்டைகள் குறித்த ஆழத்துக்குச் சராசரி 3 மீட்டர் கீழே இருந்தன. சரிசெய்ததும் கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கச் செய்யும் காந்த வெடிப்புக் கருவியின் குறை தெரிந்தது: இலக்கை அடையும் முன்பே வெடித்தது. 1943 ஜூனில் அமெரிக்க பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் அதைத் துண்டிக்கச் சொன்னார். அப்போதுதான் மூன்றாவது குறை, கப்பலில் மோதியதும் வெடிமருந்தைத் தூண்டும் மோதல் ஊசி, அம்பலமானது.

ஜூலை 24 அன்று ஜப்பானின் டோனன் மாரு 3 கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி டினோசா சாய்கோணத்தில் தாக்கி நிறுத்தியது. பிறகு செங்கோணத்தில் நிதானமாகக் குறிவைத்து அடித்தவை மோதியும் வெடிக்கவில்லை. மிஞ்சிய ஒன்றை கேப்டன் டாஸ்பிட் சோதனைக்காகக் கொண்டுவந்தார். ஹவாயிலுள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தில், வெடிமருந்து இல்லாத போலித் தலைகளை 27 மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டில் நேராகப் போட்டபோது பத்தில் ஏழு வேலை செய்யவில்லை. காரணம்: ஊசி டார்பிடோவின் திசைக்குக் குறுக்காக நகர வேண்டும். 46 நாட் வேகத்தில் நேராக மோதினால் அந்த அதிர்ச்சியில் ஊசி தன் தடத்திலேயே இறுகிவிடும். சாய்ந்து மோதினால் அதிர்ச்சி குறைவு, அதனால் வெடித்தது. எடை குறைந்த ஊசியைப் பொருத்தியதும் சிக்கல் தீர்ந்தது.

பரிசோதனைக்கு விலை அதிகம் என்று உண்மையான வெடிமருந்தோடு சுட்டுப் பார்க்காமல் விட்டதை மன்னிக்க முடியாது. மாலுமிகள் சொன்னதை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கடற்படை நிர்வாகம் ஏற்கவில்லை. 1943 அக்டோபருக்கு முன், அதாவது இந்தக் குறைகள் தீர்வதற்கு முன் என்றால் டைப் 95-தான். அதற்குப் பிறகு, ஆக்சிஜன் தொல்லை இல்லாத மார்க் 14-ஐயே நீண்ட ரோந்துக்குத் தேர்ந்தெடுப்பேன்.