ஃப்ரிசில் ஜோடி, "ப்யூர் நீலம்" செட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வண்ண வண்ணமாகக் கோழி வளர்க்க ஆசைப்பட்டு, குஞ்சு எடுப்பதற்கென்றே ஜோடி தேடிக்கொண்டிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படியுங்கள். விற்றவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் பெயரைவிட ஏமாற்றும் முறை தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

அவரிடம் வாங்கியது இரண்டு செட். ஒன்று, நீலச் சேவலும் நீலப் பெட்டைகளும். "ப்யூர் லைன், குஞ்சு எல்லாமே நீலமாகத்தான் வரும்" என்றார். இன்னொன்று ஃப்ரிசில், அதாவது இறகு உடம்போடு படியாமல் வெளிப்பக்கம் சுருண்டு நிற்குமே, அந்த வகை. சேவல், பெட்டை இரண்டுமே ஃப்ரிசில். "ரெண்டு பக்கமும் சுருள், அதனால் குஞ்சுகள் இன்னும் நன்றாகச் சுருளும்" என்று சொல்லி அதற்குக் கூடுதல் விலை வேறு.

முதலில் நீலம். நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் எல்லாம் நீலமாக வரவே வராது. அந்த மரபணு ஒரு பிரதி இருந்தால் கறுப்பு நீர்த்து நீலச் சாம்பலாகும், இரண்டு பிரதி சேர்ந்தால் உடம்பெல்லாம் வெளுத்து அங்கங்கே தெறிப்பு மட்டும் நிற்கும், அதைத்தான் ஸ்பிளாஷ் என்கிறோம். ஆக சராசரியாகப் பாதி நீலம், கால்வாசி கறுப்பு, கால்வாசி ஸ்பிளாஷ். குஞ்செல்லாம் நீலமாக வேண்டுமென்றால் கறுப்பையும் ஸ்பிளாஷையும் ஜோடி சேர்க்க வேண்டும். ஆண்டலூசியன் கோழியை வைத்துப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிற விஷயம் இது, பல வருஷமாகக் கோழி விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. பார்க்க நீலம் மாதிரியே வெளிர் சாம்பலாக இருக்கிற லாவெண்டர் நிறம் வேறு. அது ஒடுங்கு மரபணு, இரண்டு லாவெண்டரைச் சேர்த்தால் லாவெண்டர்தான் வரும். சிலர் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பி விற்கிறார்கள்.

என் குஞ்சுகளில் கறுப்பு வந்ததைக்கூட விட்டுவிடலாம். சிலவற்றின் தலையில் வெள்ளைப் புள்ளி இருந்தது, வளர வளர இறகில் குறுக்குக் கோடு விழுந்தது. கோடு போட்ட இறகு ஓங்கு பண்பு, பெற்றோரில் ஒன்றுக்காவது கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால்தான் குஞ்சுக்கு வரும். என்னிடம் இருந்த சேவலுக்கும் பெட்டைகளுக்கும் ஒரு கோடு கிடையாது. அப்படியென்றால் அவர் கூட்டில் எல்லாச் சேவலும் கலந்து திரிந்திருக்கின்றன, அங்கே அணைந்த பெட்டைகளைத்தான் "தனிக் கூட்டில் வைத்தது" என்று அனுப்பியிருக்கிறார். பெட்டையின் உடம்பில் சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும், அதனால்தான் விஷயம் வெளியே வந்தது.

என்னால் மன்னிக்க முடியாதது ஃப்ரிசில் விஷயம். ஃப்ரிசிலோடு ஃப்ரிசிலைச் சேர்த்தால் ஏறக்குறைய கால்வாசிக் குஞ்சுகளுக்குச் சுருள் மரபணு இரண்டு பிரதியாக வந்துவிடும். அவற்றின் இறகு முளைக்க முளைக்க ஒடிந்து நொறுங்கும், முதுகு வெறும் தோலாகிவிடும். உடம்புச் சூடு நிற்காது. சூட்டைத் தக்கவைக்கவே தின்பதெல்லாம் செலவாகும், இதயமும் திணறும். எல்லாக் குஞ்சும் வெயிலில் மேயும்போது இவை மட்டும் விளக்கடியில் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு கொடுமை என்று. சுருள் இறகு சேவலுக்குச் சாதா இறகுப் பெட்டையைத்தான் போட வேண்டும். பாதிக் குஞ்சு சுருளாக வரும், பாதி சாதாவாக வரும், ஒன்றும் வழுக்கையாகாது.

இதைச் சொல்லிப் படம் அனுப்பினால், தீவனத்தில் புரதம் போதவில்லை என்றார். அப்புறம் பேன் என்றார். அப்புறம் "மரபணு என்றால் அப்படித்தான், வேணும்னா வேறு சேவல் வாங்கிக்கோங்க" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக். அவரிடம் வாங்கிய இன்னொருவருக்கும் இதே பதில்கள், ஏறக்குறைய இதே வரிசையில் வந்திருக்கின்றன.

வாங்கப் போகிறவர்கள், தனித்தனிக் கோழியின் படத்தை நம்பாதீர்கள். பெற்றோர் இருக்கிற கூட்டை முழுசாக, இடையில் வெட்டாமல் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்தச் சேவலோடு எப்போதிலிருந்து தனியாக இருக்கிறது, போன ஈட்டில் என்னென்ன நிறம் வந்தது என்று கேளுங்கள். நேர்மையானவர் "இதில் கொஞ்சம் கறுப்பும் வரும்" என்று தானாகவே சொல்லிவிடுவார். "நூறு சதவீதம்" என்று ஆரம்பிக்கிறவரிடம் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள்.

ஏற்கெனவே ஃப்ரிசில் ஜோடி வாங்கிவிட்டீர்களா, சரி, இன்றைக்கே பிரித்துவிடுங்கள். பெட்டைக்குச் சாதா இறகுச் சேவலைப் போட்டு, மூன்று வாரம் கழித்து இடுகிற முட்டைகளை மட்டும் அடை வையுங்கள். வழுக்கைக் குஞ்சு இருந்தால் குளிர்காற்றும் கடும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள், அதை வைத்துக் குஞ்சு எடுக்காதீர்கள்.

நான் மேலே சொன்ன பதில்கள் உங்களுக்கும் வந்திருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, குஞ்சுகளின் படம் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.